என் பெயரில் நீ ஜெயித்த நாற்பது ஆட்டங்கள்

ஜெபின்,

நீ சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. விளையாடிக்கொண்டிருக்கிறாய், ஆகவே சுகமாகத்தான் இருக்கிறாய். இங்கே உன் அப்பா கடையில் கயிற்றுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கிறார். ஆரியசாலைக் கடைத்தெரு முழுவதும் லாரிகள் நிற்கின்றன, ஒவ்வொரு ஹார்னுக்கும் என் பேனா ஒருமுறை துள்ளுகிறது. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று நீ கேட்பாய். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் "விடும்மா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனவே உட்கார்ந்து முழுவதும் படி.

நேற்று சாயந்தரம் நீ கூப்பிட்டுச் சொன்னது இது: "அம்மா, கவலைப்படாத. நான் புதுசா ஒரு அக்கவுண்ட் தொடங்கி உன் லெவலுக்கு எறங்கி வர்றேன். ரெண்டு பேருமா சேந்து அடிச்சுப் பொளந்திரலாம்." உடனே லைன் அறுந்துபோயிற்றே, சிக்னல் கோளாறு என்று நினைத்திருப்பாய். சிக்னலுக்கு ஒன்றும் இல்லை. நான்தான் வைத்தேன். உனக்கு இருபத்தேழு வயதாகிறது. நான் எதற்காகக் கோபப்படுகிறேன் என்பது உனக்கு இன்னும் விளங்கவில்லை என்றால், அதை முதலிலிருந்தே சொல்ல வேண்டியதுதான்.

நீ அயர்லாந்துக்குப் புறப்பட்ட வாரத்தில் இந்த விளையாட்டை என் போனில் ஏற்றித் தந்தாய். அது நல்ல யோசனை என்று இன்றும் சொல்வேன். வெளியூரில் இருக்கும் பிள்ளையும் அம்மாவும் போனில் எவ்வளவுதான் பேச முடியும்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். பிறகு இரண்டு பேரும் சும்மா மூச்சு விடுவோம். விளையாட்டில் அப்படி இல்லை. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம், நடுவில் மூன்று பாதைகள், எதிராளியின் கோபுரத்தை இடிக்க வேண்டும். "அம்மா, இடது பக்கம் வா", "அம்மா, பின்னாடி பாரு" என்று நீ கத்தலாம், நான் திருப்பிக் கத்தலாம். சனிக்கிழமை ஆறரை மணி, உனக்கு மத்தியானம் இரண்டு மணி. அந்த ஒரு மணி நேரம் நீ இந்த வீட்டில் இருப்பாய் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. நீ ஒன்பது வருடமாக விளையாடுகிறவன். கல்லூரி விடுதியிலேயே வைரப் படியைத் தொட்டவன். நான் வெண்கலத்தின் கடைசிப் படியில் நின்றேன். இத்தனை வித்தியாசம் உள்ள இரண்டு பேரை அந்த விளையாட்டு ஒரே அணியில் சேர விடாது. "தங்கத்துக்கு வாம்மா, அப்புறம் சேந்து ஆடலாம்" என்றாய். சரி என்று நான் தொடங்கினேன். என்னை உனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் படித்த நாளில் ஆசிரியர் இருமினால்கூடக் குறிப்பெடுத்தவள் நான். இதற்கும் ஒரு நோட்டு போட்டேன்.

புதிதாக வருகிறவர்களை அந்த விளையாட்டு எப்படி ஏமாற்றுகிறது என்பதுதான் நோட்டின் முதல் பக்கம். முதல் பத்து ஆட்டங்களில் எனக்கு எதிரே நின்றவர்கள் மனிதர்களே இல்லை, இயந்திரங்கள். அடி வாங்குவதற்கென்றே நிறுத்தப்பட்டவை. பத்திலும் ஜெயித்தேன். உன் அப்பாவிடம் போய், "எனக்கு இது கைவந்திருச்சு" என்றேன். அவர், "ஏட்டி, பத்துக்குப் பத்தா? ஜெபின் ஒம்பது வருசமா எதுக்கு முக்குறான் அப்போ?" என்று கேட்டார். பதினோராவது ஆட்டத்தில் மனிதர்கள் வந்தார்கள். நான் பாதையில் கால் வைத்ததும் செத்தேன். எழுந்து வந்தேன், செத்தேன். ஒரு கட்டத்தில், எதிரணியில் ஒருவன் என் கோபுரத்துக்குள்ளேயே காத்திருந்து, நான் எழுந்ததும் அடித்தான். "அம்மச்சி, கஞ்சி வெந்தோ எந்நு போய் நோக்கு" என்று மலையாளத்தில் எழுதினான், கஞ்சி வெந்ததா என்று போய்ப் பார்க்க வேண்டுமாம். அடுப்பில் அப்போது உண்மையாகவே கஞ்சிதான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

இருந்தாலும் மெல்ல ஏறினேன். ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன், அந்தக் கேடயக்காரியை. ஓரத்தில் இருக்கும் சின்ன வரைபடத்தை அடிக்கடி பார்க்கப் பழகினேன். பழைய ஆட்டக்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் விரல் வேகத்தில் இல்லை, எந்த நேரத்தில் எங்கே போகக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதில் இருக்கிறது என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். இரண்டு மாதத்தில் வெள்ளிக்கு வந்தேன். உனக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு அது பெரிய காரியம்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டம், வெள்ளிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி. இரண்டும் ஐந்திலிருந்து ஆறு வரை. போன் சத்தமில்லாமல் கைப்பையில் கிடக்கும். வீட்டுக்கு வந்து திறந்தால், போகும்போது இருந்ததைவிட ஒன்றிரண்டு படி மேலே இருப்பேன். நான் உன்னிடம் கேட்டேன். கேட்டேனா இல்லையா? நீ என்ன சொன்னாய்? "அது ரெஸ்ட் போனஸ்மா. கொஞ்ச நேரம் ஆடாம வச்சா, புது ஆளுங்கள கேமே ஏத்திவிடும்." நான் அதை அப்படியே நோட்டில் எழுதி, தேதியும் போட்டேன். ஓய்வெடுத்தால் உயர்வு. ஐம்பத்திரண்டு வயதில், இத்தனை புத்தகம் படித்தவள், இதை நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. ஐக்கியக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னபோது எழுந்து நின்று, கர்த்தருடைய சந்நிதியில் செலவிடும் நேரம் வீணாவதில்லை என்பதற்கு என் போனையே உதாரணம் காட்டினேன். நம் சங்கத் தலைவி ரூபி அக்கா எல்லாருக்கும் முன்னால், "எம்மா, அப்ப நீ உபவாசக் கூட்டத்துக்கும் வா, ஒரேயடியா உச்சிக்குப் போயிரலாம்" என்றார். நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஐந்தாவது வாரத்தில் தங்கத்தின் மேல்படிக்கு வந்துவிட்டேன். உன் அணியில் சேர்த்துக்கொண்டாய். அந்த மூன்று சனிக்கிழமைகளை நான் குறை சொல்ல மாட்டேன். உன் குரல் காதுக்குள் இருந்தது. ஆனால் எதிரே நின்றவர்கள் எல்லாம் ஆறு வருடம், ஏழு வருடம் பழகியவர்கள். நான் திரும்புவதற்குள் விழுந்தேன். நோட்டில் எழுத ஒன்றுமே இல்லை, ஏனென்றால் என்னை யார் அடித்தது, எதனால் அடித்தது என்றே தெரியவில்லை. கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் தோல்வியிலிருந்து படிக்கலாம். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் விழுகிற வலி மட்டும்தான் மிச்சம். தங்கம் வரைக்கும் ஏறி வந்தவளுக்கு இது எப்படிப் புரியாமல் போகும்? வயதாகிவிட்டது என்று நினைத்தேன். மூளை மங்குகிறது என்று பயந்தேன். கண் என்று நினைத்து, தம்பானூருக்குப் போய்க் கண் மருத்துவரைப் பார்த்தேன். அந்தப் பெண் எல்லா எழுத்தையும் வாசிக்க வைத்துவிட்டு, "சேச்சீ, கண்ணினு ஒரு குழப்பவும் இல்ல. எந்தா பிரச்னம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் கோளாறு இல்லை என்று கேட்டு அழுதுகொண்டே பஸ் ஏறியவள் அன்று நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண் நன்றாக இருந்தால், பிறகு என்னிடத்தில் எதுதான் கெட்டுப்போயிருக்கிறது?

நான்காவது சனிக்கிழமை, உன் நண்பன் அஜு உனக்குத் தனியாக எழுத நினைத்ததை அணி முழுவதும் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டான். "எடா, அம்மயெ ஒந்நு மாற்று. நமக்கு ஜெயிக்கணும்." என்னை எடுத்துவிடச் சொன்ன அதை உடனே அழித்துவிட்டான். நான் வேகமாகப் படிக்கிறவள் என்று அவனுக்குத் தெரியாது. அஜு மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் சொன்னது உண்மை. ஐந்து பேரில் ஒருத்தி வெறும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால் மற்ற நாலு பேர் என்ன செய்வார்கள்? ஆனால் மறுநாள் உன் அணியில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "சர்வர் ப்ராப்ளம்மா, நெறைய பேருக்குப் போயிருக்கு" என்றாய். நீ சின்னப் பையனாக இருந்தபோதே, பொய் சொல்லும்போது விவரம் கூட்டிச் சொல்லுவாய். "நெறைய பேருக்கு" என்ற அந்த இரண்டு வார்த்தையில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்குத்தான் ஆட்ட வரலாறு என்ற பக்கத்தைத் திறந்தேன். முன்பே திறந்திருக்க வேண்டும். என் நோட்டில் இல்லாத நாற்பது ஆட்டங்கள் அதில் இருந்தன. நாற்பதிலும் வெற்றி. எல்லாம் செவ்வாயும் வெள்ளியும், ஐந்திலிருந்து ஆறுக்குள். கேடயக்காரியை ஒருதரம்கூட எடுக்கவில்லை; எல்லாம் நீ எப்போதும் ஆடும் அந்த வாள்வீரன். நீதானே கணக்கைத் தொடங்கித் தந்தாய், கடவுச்சொல் உன் கையில் இருந்திருக்கிறது. உனக்கு அது மதியச் சாப்பாட்டு இடைவேளை. பத்து நாள் சாப்பிடாமல் உட்கார்ந்து என் பெயரில் ஜெயித்திருக்கிறாய். அந்த நாட்களில் ராத்திரி நான் "சாப்பிட்டியா?" என்று கேட்டபோதெல்லாம் "சாப்பிட்டேன்மா, சோறும் முட்டையும்" என்றாய். முட்டை! விவரம் கூட்டிச் சொன்னதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

எதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். என்னோடு ஆட வேண்டும் என்பதற்காகச் செய்தாய். அதனால்தான் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளே சுமந்து அலைந்தேன். உன் அப்பா, "புள்ள ஆசையா செஞ்சான். விட்டுருட்டி" என்கிறார். ஆசையாகச் செய்ததை விட்டுவிடத்தான் முடியவில்லை. ஏனென்றால் இதே காரியத்தை இதே ஆசையோடு நான் உனக்குச் செய்திருக்கிறேன். அதை இதுவரை உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை.

நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நடந்த மலையாளப் பேச்சுப் போட்டி நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. உன் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில்தான் உன்னோடு சேர்ந்து எழுத்துக் கூட்டினேன். ஆறு வருடத்தில் பத்திரிகை படிக்கிற அளவுக்கு வந்தேன். அது எனக்கு எவ்வளவு பெருமை என்று யாருக்கும் தெரியாது, காட்டவும் இடமில்லை. அப்போது உன் ஆசிரியை போட்டிக்கு ஒரு பேச்சுத் தயார்செய்து வரச் சொன்னார். நாம் பொன்முடி போகிற வழியில் கல்லாற்றில் இறங்கிக் குளித்தோமே, அதைப் பற்றி நீயே பத்து வரி எழுதியிருந்தாய். தண்ணீருக்குள் செருப்புப் போனது, அப்பா அதைத் துரத்தி ஓடியது, பாறையில் வழுக்கி உட்கார்ந்தது. அதை நான் வாங்கி வைத்துவிட்டு, நான்கு பக்கம் நானே எழுதினேன். உவமை, பழமொழி, ஆற்றின் அருமை, மனிதனின் பேராசை. உன்னை நிற்க வைத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். பள்ளியில் முதல் பரிசு. ஆசிரியை என்னைப் பார்த்து, "தமிழராணெங்கிலும் மோன்றெ மலையாளம் கேட்டோ!" என்று, தமிழ்ப் பிள்ளையின் மலையாளத்தை மெச்சினார். அந்தப் பாராட்டு யாருக்கு என்று எனக்கு மட்டும் தெரியும். மூன்று நாள் காற்றில் நடந்தேன்.

அடுத்த கட்டமான உபஜில்லாப் போட்டியில் தலைப்பை ஐந்து நிமிடம் முன்னால்தான் தருவார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. உனக்கு வந்த தலைப்பு வாசிப்பு. நீ மேடையேறி, கல்லாற்றைப் பற்றிப் பேசினாய். நடுவர், "மோனே, விஷயம் வாயனயாணு" என்று மெல்லச் சொன்னார். நீ நிறுத்தினாய். தலையாட்டினாய். மறுபடியும் முதல் வரியிலிருந்து கல்லாற்றையே தொடங்கினாய். பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் இரண்டு வருடம், மூன்று வருடம் தட்டுத்தடுமாறிப் பேசி அந்த இடத்துக்கு வந்தவர்கள். உன்னை நான் ஒரே தூக்காகத் தூக்கி அவர்கள் நடுவில் நிறுத்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பரோட்டா சாப்பிட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்ம தமிழ்க்காரங்கன்னு அந்த நடுவர் ஓரம்பார்த்துட்டார்" என்றேன். அது பொய், ஜெபின். அந்த மனிதர் உனக்கு இரண்டாவது வாய்ப்புத் தந்தார். என் பிழையை மறைக்க அவர் தலையில் கட்டினேன். அதற்குப் பிறகு நீ எந்த மேடையிலும் ஏறவில்லை. உனக்குப் பேச வராது என்று நீயே முடிவுகட்டிக்கொண்டாய். என் கண்ணைக் காட்டப் போன அன்று பஸ்ஸில் எனக்கு இருந்த நினைப்பு, அந்த பஸ் ஸ்டாண்டில் உனக்கும் இருந்திருக்கும். என்னிடம்தான் ஏதோ குறை என்ற நினைப்பு. இதை எனக்குப் புரியவைக்க உன் நாற்பது ஆட்டங்கள் தேவைப்பட்டன. மன்னித்துக்கொள். ஆனால் இதைச் சொல்லிவிட்டதால் என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதே.

முதலில் கடவுச்சொல்லை மாற்றினேன். பிறகு இந்த இரண்டு மாதமாக என்ன செய்தேன் என்றால், தோற்றேன். நீ ஏற்றிவைத்த உயரத்திலிருந்து என் சொந்த இடத்துக்கு இறங்குவதற்கு வேறு வழி இல்லை. தினம் இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி, வசவு வேறு. வெள்ளிக்கு வந்து சேர்ந்த அன்று மறுபடியும் என்னை அடித்தவன் யார் என்று கண்ணுக்குத் தெரிந்தது. எதனால் விழுந்தேன் என்று எழுத முடிந்தது. அந்த ஒரு வரியை எழுதும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை, தங்கத்தில் இருந்தபோது ஒருநாளும் அறியவில்லை. அங்கேதான் சுனிதா கிடைத்தாள். கொல்லத்தில் ஆட்டோ ஓட்டுகிறாள், சவாரி இல்லாதபோது ஆடுவாள். தங்கத்துக்கு மிக அருகில் இருக்கிறாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மேலே, அதனால் அவள் செய்வது எனக்கு விளங்குகிறது. "சேச்சி ஆத்யம் ஓடான் படிக்கணும். அடிக்கான் பின்னெ படிக்காம்" என்றாள். முதலில் தப்பி ஓடக் கற்றுக்கொள், அடிப்பதைப் பிறகு பார்க்கலாம். ஒன்பது வருட அனுபவத்தில் நீ எனக்கு இதைச் சொல்லவில்லை. சொல்ல உனக்கு நேரம் ஏது, நீதான் எனக்குப் பதிலாக ஆடிக்கொண்டிருந்தாயே.

இப்போது நேற்று நீ சொன்ன யோசனைக்கு வருகிறேன். புதுக் கணக்குத் தொடங்கி, புதியவன் மாதிரி வெள்ளிக்கு இறங்கி வருவாயாம். அடிச்சுப் பொளக்கலாமாம். யாரைப் பிளப்பாய்? இங்கே இருப்பது சுனிதாவும் அவளைப் போன்றவர்களும்தான். கிடைத்த கால்மணியில் வந்து, தட்டுத்தடுமாறி, ஒரு படி ஏறுகிறவர்கள். அப்படி வேஷம் போட்டு வருகிற பழம்பெருச்சாளிகள் கையில் நாங்கள் வாரத்தில் இரண்டு நாள் சாகிறோம். அன்றைய தோல்வியில் படிக்க ஒன்றுமே இருக்காது. என் மகன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக வர நான் சம்மதிக்க மாட்டேன். என்னை மேலே தூக்கவும் வேண்டாம், நீ இங்கே ஒளிந்து வரவும் வேண்டாம்.

அப்படியானால் எப்படித்தான் சேர்ந்து ஆடுவது என்று கேட்பாய். நானும் அதைத்தான் இத்தனை நாள் யோசித்தேன், எனக்கும் அந்தச் சனிக்கிழமைகள் வேண்டும். நட்பு அறை என்று ஒன்று அதில் இருக்கிறது. படிக்கணக்கு கிடையாது, வெற்றி தோல்வி எங்கும் ஏறாது, ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடலாம். சனிக்கிழமை ஆறரைக்கு நான் அறையைத் திறந்து வைக்கிறேன். உன் வாள்வீரனோடு, உன் சொந்தப் பெயரில் வா. என் பக்கத்தில் நிற்காதே, எதிரே நில். கையைத் தாழ்த்தாதே, நீ தாழ்த்தினால் எனக்கு இப்போது தெரியும், அந்த அளவுக்குக் கற்றிருக்கிறேன். நான் ஒரு நிமிடத்தில் விழுவேன். விழுந்ததும் "சூப்பர்மா" என்று சொல்லாதே, எங்கே தப்புப் பண்ணினேன் என்று சொல். எழுதிக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஒரு நிமிடம் ஐந்து விநாடி நிற்பேன். அந்த ஐந்து விநாடியை மட்டும் எனக்கு நீ வாங்கித் தந்துவிடாதே.

அம்மா